மஞ்சள் விளக்கின் மொழி

பழைய காரில் டயர் எச்சரிக்கை விளக்கு அணைய மறுக்கிறதா? டயரில் காற்று குறைந்திருக்கலாம். டயருக்குள் இருக்கும் சென்சார் உயிரை விட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒன்றரை நிமிடம் போதும்.

குதிரை லாடம் போல ஒரு வளைவு, நடுவே ஓர் ஆச்சரியக்குறி. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக எரியும் இந்தச் சின்னத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறுகிறார்கள். அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்திக் காற்றடிக்கிறார்கள். இரண்டாவது வாரமும் எரிந்தால் எரிச்சல் வருகிறது. மூன்றாவது மாதத்தில் அது கண்ணில் படுவதே இல்லை. எட்டு, பத்து வயதைத் தாண்டிய கார்களில் இது அன்றாடக் கதை. சிலர் அந்த இடத்தில் துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டிப் பிரச்சினையை 'தீர்த்து' விடுகிறார்கள்.

டேப்பின் விலை சில காசுகள்தான். ஆனால் அதன் உண்மையான விலை எவ்வளவு வரை போகும் என்பதை பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று சுட்டிக்காட்டுகிறது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்த கார் ஒன்றின் பின்சக்கர டயர் வெடித்தது. கார் ஆழமான பள்ளத்தில் விழ, அதில் பயணம் செய்த 38 வயதுக்காரர் அந்த இடத்திலேயே இறந்தார். குடும்பத்தில் சம்பாதித்தவர் அவர் ஒருவர்தான். சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2016இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது கடவுளின் செயல், அதற்கு மனிதர்களைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் வாதங்களில் ஒன்று.

2023 பிப்ரவரியில் நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. மனிதர் யாரும் பொறுப்பாகாத, எதிர்பாராத இயற்கைச் சீற்றத்தைத்தான் கடவுளின் செயல் என்று சொல்ல முடியும். டயர் வெடிப்பு அந்த வகையில் சேராது. அது மனிதரின் கவனக்குறைவு. அதிவேகம், குறைவான காற்று, அதிகக் காற்று, பழைய டயர், வெப்பம் என்று அதற்குக் காரணங்கள் பல. புறப்படும் முன் டயரைச் சோதிப்பது ஓட்டுநரின் கடமை. தீர்ப்பின் சாரம் இது. எரியும் விளக்கை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே ஓட்டியவர், நாளை ஒரு நீதிமன்றத்தில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது கடினம்.

விபத்தில் பிறந்த சட்டம்

இந்த விளக்கு கார்களுக்குள் வந்த கதையும் விபத்தில்தான் தொடங்குகிறது. டயர் காற்றழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் அமைப்பு 1986லேயே போர்ஷே 959 என்ற அதிவேகக் காரில் இருந்தது. ஆனால் அது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் விவகாரம்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே தோலுரிந்தன. வண்டிகள் உருண்டு கவிழ்ந்தன. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம் நடந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. இந்த டயர்களோடு தொடர்புடைய சாவுகளின் எண்ணிக்கை கடைசியில் 250ஐத் தாண்டியது. பழியை யார் ஏற்பது என்பதில் நூற்றாண்டு கால நட்பு முறிந்தது. அந்தச் சண்டையின் மையத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; டயர் நிறுவனமோ 30 வேண்டும் என்றது.

நான்கு பி.எஸ்.ஐ. என்ன செய்துவிடும்? காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து விரிகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது நொடிக்குச் சுமார் 14 தடவை நடக்கிறது. மடிப்பு வெப்பமாகிறது. வெப்பம், உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையேயான பிணைப்பை இளக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே பிரியத் தொடங்கிய டயர், நெடுஞ்சாலையில் நல்ல வெயிலில், முழுச் சுமையோடு ஓடும்போது கைவிடுகிறது.

2000 நவம்பர் 1 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், காற்று குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்க வழிசெய்தது. 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் அது வந்தது. குறிப்பிட்ட அளவைவிடக் காற்று 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

இந்தியா வேறு வழியில் இதற்குள் நுழைந்தது. 2010களில் விலை உயர்ந்த செடான்களிலும் எஸ்.யூ.வி.க்களிலும் தொடங்கி, பிறகு நடுத்தர விலைக் கார்களிலும் டி.பி.எம்.எஸ். என்ற பெயரில் இது பரவியது. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு எல்லாக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஒரு சலுகை தந்தது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட், காற்றழுத்தக் கண்காணிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் காரில் ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது. இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்டெப்னி இல்லாத காரில் சென்சாரும் செத்துப்போனால், ஓட்டுநரிடம் மிஞ்சுவது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

சிமிட்டினால் ஒன்று, நின்றெரிந்தால் வேறொன்று

விளக்குக்கு ஒரு மொழி இருக்கிறது. கார் வாங்கும்போது கிடைத்த கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. கையேட்டைப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணையும். அது பல்பு சரியாக இருக்கிறதா என்று கார் தன்னைத்தானே பார்த்துக்கொள்வது. அதன் பிறகும் டயர் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. காருக்குக் கோளாறு இல்லை. கார் தன் வேலையைச் செய்கிறது.

பெரும்பாலான கார்களில், விளக்கு முதலில் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை சிமிட்டிவிட்டு, பிறகு நின்று எரிந்தால் செய்தி வேறு. கண்காணிக்கும் அமைப்பே பழுதாகியிருக்கிறது. சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் இந்தச் சிமிட்டல் திரும்பவும் நடக்கும். சில கார்களில் சிமிட்டலுக்குப் பதிலாகத் திரையில் 'டயர் அமைப்பைச் சோதிக்கவும்' என்ற வாசகம் வரும்.

சிமிட்டலைக் கவனிக்காதவர் நாள்தோறும் காற்றடித்துக்கொண்டிருப்பார். விளக்கு அணையாது. நின்றெரியும் விளக்கை 'சென்சார் பழுது' என்று எடுத்துக்கொள்பவர், ஆணி குத்திய டயரோடு எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறிவிடுவார். இரண்டாவது தவறுதான் உயிரை வாங்கும்.

குளிர்காலக் கணக்கு

முதலில் செய்ய வேண்டியது மிக எளிமையானது. காலையில், வண்டியை எடுக்கும் முன், நல்ல கேஜ் ஒன்றால் எல்லா டயர்களையும் அளக்க வேண்டும். கார் நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பது தவறு. ஸ்டெப்னியையும் அளக்க வேண்டும். சில மாடல்களில் அதற்குள்ளும் சென்சார் உண்டு. டிக்கிக்குள் மறந்துபோன ஐந்தாவது சக்கரம் விளக்கை எரியவைத்து, மற்ற நான்கையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

டில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற ஊர்களில் டிசம்பர் காலைகளில் இந்த விளக்கு கூட்டமாக எரிவதற்குப் பள்ளிக்கூடப் பௌதிகமே காரணம். காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். ஏறக்குறைய ஐந்தரை டிகிரி செல்சியஸுக்கு ஒரு பி.எஸ்.ஐ. 40 டிகிரி வெப்பத்தில் 33 பி.எஸ்.ஐ. வைத்த டயரில், காற்று துளியும் கசியாவிட்டாலும், 7 டிகிரி காலையில் 28தான் இருக்கும். ரப்பர் வழியாக மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இயல்பாகவே வெளியேறும். இரண்டையும் கூட்டினால் 25 சதவீத எல்லையான 25 பி.எஸ்.ஐ.யைத் தொட இரண்டு மூன்று மாதங்கள் போதும். காலையில் எரிந்த விளக்கு மதியம் டயர் சூடேறியதும் அணைந்துவிடும். அது குணமாகிவிட்டது என்று பொருளல்ல. நைட்ரஜன் நிரப்பியவர்களுக்கும் இதே விதிதான். நைட்ரஜனும் வாயுதான், சாதாரணக் காற்றில் ஏற்கனவே 78 சதவீதம் அதுவே.

இதற்கு எதிர்மாறான தவறு கோடையில் நடக்கிறது. நீண்ட தூரம் ஓடிய டயரில் அழுத்தம் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அது இயல்பு. 'காற்று அதிகமாகிவிட்டது' என்று வழியில் இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் பட்டினியோடு நிற்கும்.

காற்று சரியாக வைத்த பிறகு பத்து, இருபது நிமிடம் ஓட்டினால் விளக்கு தானே அணைய வேண்டும். அணைந்து, சில நாட்களில் மறுபடி எரிந்தால் மெதுவாகக் கசியும் பஞ்சர் இருக்கிறது. சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். டயரின் தரையைத் தொடும் பகுதியை மட்டும் பார்த்தால் போதாது. வால்வின் அடிப்பக்கத்தையும், டயர் ரிம்மோடு சேரும் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

இரண்டு சாதிச் சென்சார்கள்

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் தன் காரில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். டயருக்குள் சென்சாரே இல்லாத கார்கள் நிறைய உண்டு. அவற்றில் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கனவே இருக்கும் வேகச் சென்சார்கள்தான் டயரையும் வேவு பார்க்கின்றன. காற்று குறைந்த சக்கரம் இம்மியளவு சிறுத்துப்போகும். மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். கம்ப்யூட்டர் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வகைக் காரில் காற்றடித்தாலோ, டயரை இடம் மாற்றினாலோ, புது டயர் போட்டாலோ மெனுவில் அல்லது பட்டனில் 'ரீசெட்' செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விளக்கு பொய் சொல்லும். இவர்களிடம் யாராவது 'நாலு சென்சாரும் மாத்தணும்' என்று பில் நீட்டினால், அது ஏமாற்று. இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. நான்கு டயர்களிலும் ஒரே அளவு காற்று குறைந்தால், சக்கரங்களை ஒப்பிட்டு மட்டும் பார்க்கும் பழைய அமைப்புகளுக்கு எதுவுமே தெரியாது.

திரையில் ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் கார்களில் பெரும்பாலும் நேரடி வகை இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வின் அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பி. அதற்குள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சில்லு, ஒரு சிறிய ரேடியோ டிரான்ஸ்மிட்டர், வட்ட வடிவ லித்தியம் பேட்டரி. கார் நிற்கும்போது அது உறங்கும். சக்கரம் சுழன்றதும் விழித்துக்கொண்டு, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை தன் அடையாள எண்ணோடு சேர்த்து அழுத்தத்தை ஒலிபரப்பும். இந்தச் சிக்கனத்தால்தான் அந்தச் சின்ன பேட்டரி ஏழு முதல் பத்து வருடங்கள் தாக்குப்பிடிக்கிறது. அதிக ஓட்டம், அதிக வெயில் என்றால் ஆயுள் குறையும்.

பத்து வருடக் காரில் விளக்கு சிமிட்டுவதற்கு முதல் காரணம் இந்த பேட்டரியின் மரணம்தான். அது திடீரென்று சாவதில்லை. குளிர்ந்த காலையில் சிமிட்டும், வெயில் ஏறியதும் சரியாகும். சில வாரங்கள் இப்படி ஊசலாடிவிட்டு ஒருநாள் நிரந்தரமாகப் பேச்சை நிறுத்தும்.

பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா?

இந்தியர் யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பேட்டரியின் விலை அற்பம், சென்சாரின் விலை ஆயிரங்களில். ஆனால் தயாரிப்பாளர்கள் பேட்டரியை டப்பிக்குள் வைத்து ரெசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். சுரண்டியெடுத்து, புது செல்லைப் பற்றவைத்து, மறுபடி ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதனோடு மோதுகிறார்கள் என்பதைக் கணக்கு சொல்லும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 16 அங்குல ரிம்மில் உட்கார்ந்திருக்கும் சென்சார் மீது புவியீர்ப்பைப் போல 160 மடங்கு விசை செயல்படுகிறது. 30 கிராம் எடையுள்ள டப்பி அப்போது ஐந்து கிலோ கல்லைப் போல வெளிநோக்கி இழுக்கிறது. அரைகுறையாகப் பற்றவைத்த செல் அதில் நிலைக்காது. பிய்ந்துபோனால் டயருக்குள் உருண்டுகொண்டிருக்கும்.

ஆகவே சென்சாரை மாற்றுவதுதான் வழி. ஆனால் மாற்றும் முன், செத்தது அதுதானா என்று நிரூபிக்கச் சொல்ல வேண்டும். அதற்கென்று கையடக்கக் கருவி இருக்கிறது. டயரின் வால்வுக்கு அருகே அதைப் பிடித்துப் பட்டனை அழுத்தினால், உள்ளே உறங்கும் சென்சார் விழித்துப் பதில் சொல்லும். அடையாள எண், அழுத்தம், வெப்பம், பல சென்சார்களில் பேட்டரியின் நிலை ஆகியவை திரையில் வரும். பதில் வராதது செத்தது. இந்தக் கருவி இல்லாத கடையில் சென்சார் மாற்றுவது, எக்ஸ்ரே எடுக்காமல் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவதைப் போன்றது.

நான்கும் ஒழுங்காகப் பதில் சொல்லியும் விளக்கு சிமிட்டினால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய மலிவான சார்ஜர், டேஷ்கேம், எல்.இ.டி. விளக்கு போன்றவை ரேடியோ இரைச்சல் எழுப்பி சென்சாரின் மெல்லிய குரலை அமுக்கிவிடுவது உண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபியூஸ், காருக்குள் இருக்கும் ரிசீவர் ஆகியவை அடுத்த சந்தேகத்துக்கு உரியவை. முந்தைய உரிமையாளர் அழகுக்காக அலாய் வீல் மாற்றியிருந்தால், சென்சார்கள் பழைய வீலோடு போயிருக்கலாம். இல்லாத சென்சாரைக் கார் தேடிக்கொண்டிருக்கும்.

ஒன்றா, நான்கா?

நான்கு சென்சார்களும் ஒரே சமயத்தில் பிறந்தவை. ஒன்று வயதாகி இறந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்காகவும் டயரைக் கழற்றி, மாட்டி, வீல் பேலன்சிங் செய்வதைவிட, அடுத்து புது டயர் போடும்போது நான்கையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம். கல்லில் மோதியோ, டயர் கழற்றும்போது உடைந்தோ ஒரு சென்சார் மட்டும் பழுதானால், அதுவும் கார் நாலைந்து வயதுதான் என்றால், ஒன்றை மட்டும் மாற்றலாம்.

வாங்கும்போது அலைவரிசையில் கவனம் தேவை. அமெரிக்கச் சந்தைக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433. வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் மலிவாகக் கிடைக்கும் சென்சார், உருவத்தில் அச்சு அசலாக இருக்கும், ரிம்மில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் காருக்குக் கேட்காத அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும். டயரை மூடிய பிறகுதான் இது தெரியவரும். கார் நிறுவனத்தின் பார்ட் நம்பரைப் பொருத்திப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. வெற்றுப் பலகையாக வந்து, எந்த மாடலுக்கும் எழுதிக்கொள்ளக்கூடிய பொதுவான சென்சார்களும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு வசதி, இறக்கும் நிலையில் உள்ள பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதில் எழுதிவிடலாம். காருக்கு ஆள் மாறியதே தெரியாது.

புது எண்ணோடு வரும் சென்சாரைக் காருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சில கார்கள் சிறிது தூரம் ஓட்டினாலே தாமாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றில் காரை நிறுத்தி, சக்கரம் சக்கரமாகக் கருவியைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டதும் ஹாரன் ஒலிக்கும். மற்றவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட் வழியாக ஸ்கேனர் கொண்டு எழுத வேண்டும். அறிமுகம் முடியாமல் சாவியைக் கொடுக்கும் கடைக்காரரிடம் பணம் கொடுக்கக் கூடாது. டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றினாலும் பல கார்களில் இதே சடங்கு தேவை. இல்லையென்றால் திரை முன்சக்கரத்தைக் காட்டும், பஞ்சர் பின்சக்கரத்தில் இருக்கும்.

பஞ்சர் கடையில்

சென்சார்களைக் கொல்வதில் முதுமைக்கு அடுத்த இடம் லிவருக்கு. சாலையோரப் பஞ்சர் கடையில் டயரின் விளிம்பை நெம்பும்போது, வால்வுக்குப் பக்கத்தில் லிவர் இறங்கினால் சென்சார் நொறுங்கும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் நெம்பினால் ஒன்றும் ஆகாது. கடைக்காரருக்குத் திறமை இல்லாமல் இல்லை. உள்ளே சென்சார் இருப்பது அவருக்குத் தெரியாது. ரப்பர் வால்வு உள்ள சக்கரங்களில் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. வேலை தொடங்கும் முன் சொல்லிவிடுவது கார்க்காரரின் பொறுப்பு.

அலுமினிய வால்வுகளுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். மழை நீரும் கடற்காற்றும் பட்டு அவை அரித்துப்போகும். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். அவற்றில் சாதாரணப் பித்தளை வால்வு பின்னைப் போட்டால் இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் பூசிய பின்தான் போட வேண்டும். பளபளக்கும் உலோக மூடியும் இதே போல இறுகிவிடும். பிளாஸ்டிக் மூடியே நல்லது. டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் வால்வின் ரப்பர் வாஷர், நட்டு, பின், மூடி நான்கையும் புதிதாகப் போடுவது முறை. செலவு குறைவு. நட்டை மிகையாக முறுக்கினால் வால்வு உடையும். நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும்.

பஞ்சருக்காக டயருக்குள் ஊற்றும் திரவம் இன்னொரு எதிரி. காற்றழுத்தத்தை உணரச் சென்சாரில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கிறது. பிசின் அதை அடைத்துவிடலாம். சென்சாருக்குப் பாதகமில்லை என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கும் திரவத்தையே வாங்க வேண்டும். ஆபத்தில் அதை ஊற்றி ஊர் வந்து சேர்ந்த பின், டயரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்கள், வால்வு மூடிக்குப் பதிலாக வெளியிலேயே திருகிவிடும் சென்சார்களை வாங்குகிறார்கள். டேஷ்போர்டில் வைக்கும் சிறு திரையோடு சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேட்டரியைத் தாமே மாற்றிக்கொள்ளலாம். டி.பி.எம்.எஸ். இல்லாமலே வந்த பழைய காருக்கும் இது நல்ல தீர்வு. ஆனால் இந்த மூடி, வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்து வைத்திருக்கிறது. அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் எச்சரிக்க வேண்டிய கருவியே காற்றைக் கசியவிடும். ரப்பர் வால்வு பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். காரில் ஏற்கனவே உள்ள அமைப்பின் மஞ்சள் விளக்கு இதனால் அணையாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பழைய கார் வாங்குபவர் கவனத்துக்கு

• சாவியைத் திருப்பியதும் டயர் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள் அல்லது துண்டித்திருக்கிறார்கள்.

• இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுச் சிமிட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சிமிட்டினால் நான்கு சென்சார்களின் விலையைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

• டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. புது டயர் என்று சொல்லப்படுவதன் வயதை அது சொல்லிவிடும்.

• பட்டன்களின் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரில் எந்தச் சென்சாரும் பயன்படாது.

• ஸ்டெப்னி இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பஞ்சர் கிட்டில் உள்ள திரவத்தின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும்.

விளக்கு செய்யாதது

எல்லாம் புதிதாக மாற்றிய பிறகும் ஓர் உண்மை மாறாது. விளக்கு எரிவதற்குள் டயர் தன் காற்றில் நான்கில் ஒரு பங்கை இழந்திருக்கும். 33 வேண்டிய இடத்தில் 27 இருக்கும் டயர், விளக்கின் கணக்கில் ஆரோக்கியமானது. அந்த 27டன் ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மே மாத மதியத்தில் எக்ஸ்பிரஸ் சாலையில் மணிக்கு 120இல் பறக்கும் காரில், விளக்கு கடைசி வரை அமைதியாக இருக்கலாம். கூர்மையான இரும்பு கிழித்து நொடியில் வெடிக்கும் டயரை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றலும் அதற்கு இல்லை.

மாதம் ஒரு முறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் கேஜை எடுத்து அளக்கும் பழக்கத்தை எந்த மின்னணுக் கருவியும் ஓய்வுபெறச் செய்யவில்லை. நல்ல கேஜ் ஒன்றின் விலை ஒரு முறை டாங்கை நிரப்புவதைவிட மிகக் குறைவு. ஐந்து டயர்களை அளக்க ஐந்து நிமிடம். பம்பாய் உயர் நீதிமன்றம் ஓட்டுநரின் கடமை என்று சொன்னது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.